விடுமுறை நாட்களில் சாப்பாடு கைமீறிப் போகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. போன மாதம் ரத்தப் பரிசோதனை செய்தபோது எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, இப்போதே கவனித்தால் மாத்திரை வரை போகாமல் தள்ளிப்போடலாம் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

என் பயமே இப்போது வரப்போகிற விடுமுறை வாரங்கள்தான். ஒவ்வொரு வருடமும் இதே கதை. முதல் விருந்து வரை ஒழுங்காக இருப்பேன். அதில் கொஞ்சம் கூடுதலாகிவிடும். "சரி, விடுமுறை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று மனசு சொல்லிவிடும். அப்புறம் மூன்று வாரமும் போய்விடும். போன வருடம் இரண்டு கிலோ ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

இந்த முறை மூன்று வாரத்தில் நான்கு பெரிய விருந்துகள் இருக்கின்றன. விருந்துக்கு முன்னால் அரை நாள் பட்டினி கிடந்தால் கணக்கு சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறேன். அது சரியா? வேறு எப்படிச் செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். உண்மையாகவே பயமாக இருக்கிறது.

மெல்லநட

சகோதரி, விருந்து முடிந்ததும் உட்காராதீர்கள். 10, 15 நிமிடம் நடங்கள், வேகமெல்லாம் வேண்டாம். சாப்பிட்ட உடனே கால் தசைகள் வேலை செய்தால் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை அவையே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து நடப்பதைவிட அந்த நேரத்தில் நடப்பது சர்க்கரைக்கு நல்லது. என் அப்பாவுக்கு மருத்துவர் முதலில் சொன்னது இதுதான். வீட்டில் இன்று வரை நடக்கிறது.

தராசுக்காரன்

நிலாமுற்றம், பயப்படாதீர்கள். முதலில் ஒரு கணக்கு.

மூன்று வாரம் என்றால் 21 நாள். நாளுக்கு மூன்று வேளை என்று வைத்தால் 63 வேளை. அதில் விருந்து நான்கு. மீதி 59 வேளை உங்கள் வீட்டுச் சாப்பாடு. நான்கு வேளையில் யாருக்கும் இரண்டு கிலோ கொழுப்பு ஏறாது. போன வருடம் உங்களுக்கு ஏறியது அந்த 59இல்தான் என்று நினைக்கிறேன். விருந்துக்கு மறுநாள் காலை மிச்சமிருந்த இனிப்பு, மதியம் பசியே இல்லாமல் சாப்பிட்டது, மாலையில் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன டப்பா. இவைதான் ஆள். விருந்து மேல்தான் எல்லோருக்கும் கோபம், ஆனால் குற்றம் இந்த இடைப்பட்ட நாட்களுடையது.

அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்து ஆய்வாளர்கள் 195 பேரின் எடையை வருடம் முழுக்கப் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரையான விடுமுறைக் காலத்தில் சராசரியாக ஏறியது 0.37 கிலோ, அவ்வளவுதான். அதில் கலந்துகொண்டவர்களோ தங்களுக்கு அதைவிடப் பல மடங்கு ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இது நல்ல செய்தி. கெட்ட செய்தி என்னவென்றால், அடுத்து வந்த மாதங்களிலும் அந்தக் கொஞ்சம் இறங்கவில்லை. ஏற்கெனவே பருமனாக இருந்தவர்களில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியவர்களும் அதிகம். வருடத்துக்கு 300, 400 கிராம் என்று சேர்ந்தால் பத்து வருடத்தில் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

அதனால் "விடுமுறையில் மெலிய வேண்டும்" என்று ஆசை வைக்காதீர்கள். இப்போது இருக்கிற எடையிலேயே மூன்று வாரத்தைத் தாண்டினால் அதுவே வெற்றி. இந்த ஒரு முடிவே பாதி பாரத்தை இறக்கிவிடும்.

ஒருவேளை

நான் பட்டினியை ஆதரிக்கிறேன். இரவு விருந்து என்றால் காலை, மதியம் இரண்டையும் விட்டுவிடுவேன். தண்ணீர், பால் சேர்க்காத தேநீர் மட்டும். ஆறு வருடமாக இப்படித்தான். எடை அசையவில்லை. உடலுக்கும் வயிற்றுக்கும் ஓய்வு கிடைக்கிறது. நிலாமுற்றம் நினைப்பது சரியான வழி என்பது என் கருத்து.

இரவுப்பணி

நான் 17 வருடமாகச் செவிலியாக வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் இரவு முறை. ஒருவேளை அண்ணா, உங்களுக்கு ஒத்துப்போவதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கிற எல்லோரும் உங்களைப் போல இருக்க மாட்டார்கள். அதனால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை எடுப்பவர்களுக்கு. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுக்கிறவர்களும் விருந்துக்காக ஒரு வேளையை விடவே கூடாது. அந்த மருந்துகள் சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று பார்ப்பதில்லை, சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம். விடுமுறை இரவுகளில் இப்படித் தூக்கிக்கொண்டு வந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மகள் வீட்டு விருந்துக்காகக் காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்ட ஒரு தாத்தா, மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருந்தார். பிழைத்துவிட்டார். அந்தக் குடும்பம் வராந்தாவில் நின்ற நிலை மட்டும் மறக்கவில்லை.

நிலாமுற்றம், உங்களுக்கு மாத்திரை இல்லை என்பதால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் பசியோடு போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே தட்டு காலியாகிவிடும். "போதும்" என்று குடல் மூளைக்குச் சொல்ல நேரம் பிடிக்கும், 20 நிமிடம் போல. அது வந்து சேருவதற்குள் இரண்டாவது தட்டும் பாதி முடிந்திருக்கும்.

நான் செய்வது இது. விருந்து நாளிலும் காலை, மதியம் வழக்கமான சாப்பாடு, அளவு மட்டும் சற்றுக் குறைவு. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு அவித்த முட்டையோ, ஒரு கைப்பிடி கொட்டைப் பருப்போ, ஒரு பழமோ. பந்தியில் உட்கார்ந்ததும் முதலில் காய்கறி, அடுத்துப் பருப்பு, முட்டை, மீன், இறைச்சி போன்ற புரதம். சோறோ ரொட்டியோ கடைசியில். அதே சாப்பாடு, அதே அளவு, வரிசை மட்டும் மாறினால்கூட சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. 2015இல் சர்க்கரை நோயாளிகளிடம் செய்த ஒரு சின்ன ஆய்வு இதைக் காட்டியது. வெறும் 11 பேர்தான், ஆனாலும் முயன்று பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஒருவேளை

இரவுப்பணி, மாத்திரை விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. நன்றி. எனக்குச் சர்க்கரை இல்லை, அதனால் தோன்றவில்லை. என் பதிவைப் படித்து யாரும் அப்படியே செய்ய வேண்டாம்.

எனக்கு ஏன் ஒத்துப்போகிறது என்று யோசித்தால், நான் விருந்து இல்லாத நாளிலும் காலையில் சாப்பிடுவதில்லை. உடல் பழகிவிட்டது. விருந்துக்காக மட்டும் திடீரென்று செய்கிறவருக்கு அது வேறு மாதிரிதான் இருக்கும்.

பழைய ஓடை

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எனக்கு இருபதுகளில் அடங்காமல் உண்ணும் நோய் இருந்தது. ஆரம்பம் எங்கே என்று கேட்டால், நிலாமுற்றம் எழுதியிருக்கிற அதே இடம்தான். விருந்துக்கு முன் பட்டினி. விருந்தில் கட்டுப்பாடு இழப்பது. மறுநாள் அதற்குத் தண்டனையாக மறுபடி பட்டினி. அந்தப் பட்டினியே அடுத்த தடவை இன்னும் வெறியோடு சாப்பிட வைக்கும். முதலில் விடுமுறையில் மட்டும் இருந்தது. அப்புறம் வாரக் கடைசிகளில். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், வாரத்துக்கு மூன்று நான்கு தடவை. இதைத் தனி நோயாகவே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வகைப்படுத்தியது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது வரை எனக்கு மனவுறுதி இல்லை, நான் கேவலமானவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

சிகிச்சையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் ரொம்பச் சாதாரணமானது: வேளை தவறாமல் சாப்பிடு. நேற்று எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் இன்று காலைச் சாப்பாடு உண்டு. அதை நம்பவே எனக்கு மாதக்கணக்கானது. ஆனால் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. பட்டினி கிடந்து விருந்துக்குப் போகிற பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மறைவாகச் சாப்பிடுவது, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, பிறகு அருவருப்பு, இவை வாரா வாரம் வந்தால் அது விடுமுறைப் பிரச்சினை இல்லை. மருத்துவரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். விருந்தில் யாரையும் பார்த்து "என்ன இப்படிக் குண்டாகிவிட்டாய்", "இவ்வளவா சாப்பிடுவாய்" என்று சொல்லாதீர்கள். சொல்கிறவர் அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். கேட்ட நான் 19 வயதில் கேட்டதை இன்னும் வைத்திருக்கிறேன்.

தராசுக்காரன்

பழைய ஓடை, நீங்கள் எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன சுழலை ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் ஒரு கோப்பை மில்க்ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமை விருப்பம்போல் சாப்பிடச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்ஷேக் குடித்த அளவுக்கு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களோ மில்க்ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகம் சாப்பிட்டார்கள். "எப்படியும் கெட்டுப்போயிற்று, இனி என்ன" என்ற எண்ணம்தான். நிலாமுற்றம் முதல் பதிவில் எழுதிய "விடுமுறை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" அதே எண்ணத்தின் வேறு வடிவம்.

நிலாமுற்றம்

படிக்கப் படிக்க என்னையே பார்ப்பது போல் இருக்கிறது. பட்டினித் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன். பழைய ஓடை, உங்கள் பதிவை என் தங்கைக்கும் அனுப்பினேன். அவளுக்கும் தேவைப்படும்.

இன்னொரு கேள்வி. என் பெரியம்மா அன்பானவர். ஆனால் "போதும்" என்றால் அவருக்குக் காது கேட்காது. இலக்கை நான் தீர்மானித்தாலும் கரண்டி அவர் கையில் இருக்கிறது. அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

அடுப்படி

நான் அந்தப் பெரியம்மாவின் கட்சி. முப்பது வருடமாக விருந்து சமைக்கிறேன், எங்கள் வீட்டில் 25 பேருக்குக் குறையாது. அதனால் கரண்டி பிடித்திருப்பவர் மனசு எனக்குத் தெரியும். நீங்கள் சாப்பிட மறுத்தால் "சமையல் சரியில்லையோ" என்றுதான் எங்களுக்கு முதலில் தோன்றும். ஆகவே வயிற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன் சமையலைப் பற்றிச் சொல்லுங்கள். எது பிடித்தது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அதில் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். மற்றதற்கு "இதை ரசித்து முடிக்கிறேன் பெரியம்மா, வேண்டுமென்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் நிச்சயம் விட்டுவிடுவார். தட்டைக் காலியாக வைக்காதீர்கள், காலித் தட்டைப் பார்த்தால் கை தானாகப் போகும். ஓரத்தில் கொஞ்சம் காய் மிச்சம் இருக்கட்டும். மெதுவாகச் சாப்பிடுங்கள்.

சமைக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் அளவு எங்கள் கையிலும் இருக்கிறது. நான் ஐந்து வருடமாக மாற்றிக்கொண்டவை இவை.

வகைகளைக் குறைத்தேன். முன்பு நான்கு இனிப்பு செய்வேன், இப்போது ஒன்று, ஆனால் அதை உயிரைக் கொடுத்துச் செய்வேன். ஒரே சுவையை நாக்கு சீக்கிரம் அலுத்துக்கொள்ளும். வேறு சுவை வந்தால் வயிறு நிறைந்திருந்தாலும் மறுபடி ஆசை பிறக்கும். "இனிப்புக்கு மட்டும் தனி வயிறு" என்று சொல்வது அதனால்தான். வகை கூடக் கூட ஒவ்வொருவரும் சாப்பிடுவதும் கூடுகிறது, என் கண்ணால் பார்த்தது.

பரிமாறும் கரண்டியைச் சின்னதாக்கினேன். யாரும் கவனிக்கவில்லை. மேசை நடுவில் இனிப்புத் தட்டு வைப்பதை நிறுத்தினேன். இனிப்பு சாப்பாட்டுக்குப் பின் வரும், பரிமாறிவிட்டு உள்ளே போய்விடும். பேசிக்கொண்டே கைநீட்டி எடுப்பது ஒரு கணக்கிலும் வராது. கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் பழமும் தண்ணீரும் இருக்கும்.

சமைக்கிறவருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. காலை முதல் உப்புப் பார்க்கிறோம், பொரித்ததில் உடைந்ததை வாயில் போடுகிறோம், பந்திக்கு உட்காரும்போது பசியே இருக்காது. ஆனாலும் எல்லோரும் உட்காரச் சொன்னால் உட்கார்ந்து முழுதாகச் சாப்பிடுவோம். நான் இப்போது சமையலைத் தொடங்கும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுகிறேன். உப்புப் பார்க்கச் சின்னக் கரண்டி, அதுவும் ஒரு பதார்த்தத்துக்கு இரண்டு தடவைதான்.

இரட்டையர் அம்மா

அக்கா, மிச்சத்தை என்ன செய்வீர்கள்? எனக்கு அங்கேதான் சிக்கல். கொட்ட மனசு வராமல் மூன்று நாள் நானே சாப்பிடுகிறேன்.

அடுப்படி

அந்த இரவே பிரித்துவிடுவேன். காலி டப்பாக்களை முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பேன். வருகிறவர்கள் கிளம்பும்போது ஆளுக்கு ஒன்று. மிஞ்சினால் ஒருவேளைக்கு ஒரு டப்பா என்று உறைநிலைப் பெட்டியில், மேலே தேதி எழுதி. "நாளைக்கு இதைத்தான் சாப்பிட வேண்டும்" என்ற நெருக்கடி இருக்காது.

இரவுப்பணி

மிச்சத்தைப் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் விடுமுறை முடிந்த வாரத்தில் வயிற்றுப்போக்கோடு வருகிறவர்கள் நிறைய. சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் அல்லது 60 டிகிரிக்கு மேல் வையுங்கள், இரண்டுக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பெரிய பாத்திரத்தோடு அப்படியே குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரம் ஆகும், அகலமான ஆழமில்லாத டப்பாவில் மாற்றுங்கள். மறுபடி சூடாக்கினால் நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். சோறு விஷயத்தில் கூடுதல் கவனம். அதில் வரக்கூடிய ஒரு வகை பாக்டீரியா விடுகிற நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையிலேயே கிடந்ததைக் கொட்டுங்கள். மனசு வராதுதான். ஆனாலும் கொட்டுங்கள்.

ஆற்றுமணல்

குடிக்கிறதை யாரும் பேசவில்லையே. எனக்குச் சாப்பாடு பிரச்சினையே இல்லை, கோப்பைதான். விருந்தில் ஒரு கையில் குளிர்பானம் இருந்துகொண்டே இருக்கும். 330 மில்லி டப்பா ஒன்றில் 35 கிராம் சர்க்கரை இருக்கும் என்று லேபிளைப் படித்தபோது அதிர்ந்துபோனேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளின் மொத்தச் சக்தியில் 10 சதவிகிதத்துக்குள், முடிந்தால் 5 சதவிகிதத்துக்குள். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம், முடிந்தால் 25 கிராம். ஒரு டப்பாவிலேயே 25ஐத் தாண்டிவிடுகிறது. மெல்லாமல் உள்ளே போவதால் வயிறும் நிறைவதில்லை. பழச்சாறும் இதே கணக்குதான், பிழிந்த பிறகு நார்ச்சத்து போய்விடுகிறது.

இப்போது கோப்பையில் தண்ணீரோ சோடாவோ, ஒரு எலுமிச்சைத் துண்டு போட்டு வைத்துக்கொள்கிறேன். கையில் ஏதோ இருக்கிறது என்பதால் யாரும் ஊற்ற வருவதில்லை.

இரவுப்பணி

மதுவும் அப்படித்தான். ஒரு கிராம் மதுவில் 7 கலோரி, கொழுப்பில் 9, சர்க்கரையிலும் புரதத்திலும் 4. கலோரி ஒரு பக்கம். விடுமுறையில் அளவுக்கு அதிகமாகக் குடித்த பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகிறவர்கள் உண்டு. 1978இல் மருத்துவர்கள் இதற்கு "விடுமுறை இதயம்" என்றே பெயர் வைத்தார்கள். முன்பு இதய நோய் இல்லாதவர்களுக்கும் வரலாம். நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை, மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் அழுத்தம் என்றால் "அஜீரணம்" என்று சொல்லிப் படுத்துவிடாதீர்கள். மருத்துவமனைக்கு வாருங்கள். வெறும் அஜீரணமாக இருந்தால் நாங்கள் சந்தோஷமாகத் திருப்பி அனுப்புவோம்.

இரட்டையர் அம்மா

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஏழு வயது. "காய் சாப்பிட்டால்தான் இனிப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மகள் கேட்டாள்: "அம்மா, காய் அவ்வளவு மோசமா? அதுக்குப் பரிசு தர்றியே?" அன்றோடு விட்டுவிட்டேன். இப்போது விருந்தில் இனிப்பும் சாப்பாட்டோடு தட்டில் வரும், ஒரு துண்டு. முதல் வாரம் அதை மட்டும் சாப்பிட்டார்கள். பிறகு அந்தப் பரபரப்பு அடங்கியது. சில நாள் பாதி இனிப்பை அப்படியே வைத்துவிட்டு விளையாட ஓடிவிடுகிறார்கள். நான் அந்தப் பாதியைச் சாப்பிடாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மெல்லநட

தூக்கத்தையும் விடாதீர்கள். விருந்துக் காலத்தில் இரவு இரண்டு மணி வரை பேசிக்கொண்டிருப்போம், மறுநாள் என்ன சாப்பிட்டாலும் அடங்காத பசி. 2004இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவிகிதம் கூடியிருந்தது, பசியை அடக்கும் லெப்டின் 18 சதவிகிதம் குறைந்திருந்தது. இனிப்பு, மாவுப் பண்டங்கள் மேல்தான் ஆசை அதிகம் போயிருந்தது.

தராசுக்காரன்

எடை பார்க்கும் விஷயம். விருந்துக்கு மறுநாள் காலை தராசு ஒன்றரை கிலோ கூடக் காட்டினால் பதறாதீர்கள். அது கொழுப்பு இல்லை. மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேரும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை நிறுத்தும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். பதறிப்போய்ப் பட்டினி கிடப்பதுதான் தவறு.

ஆனால் அவ்வப்போது பார்ப்பது உதவுகிறது. பிரிட்டனில் 272 பேரை வைத்துச் செய்த சோதனை 2018இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வாரம் இரண்டு தடவையாவது எடை பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள், சில எளிய குறிப்புகள் கொடுத்தார்கள், ஒரு பண்டத்தின் கலோரியைச் செலவழிக்க எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற பட்டியலும் கொடுத்தார்கள். விடுமுறை முடிவில் இரண்டு குழுவுக்கும் நடுவே சராசரியாக அரை கிலோ வித்தியாசம். இவ்வளவு சின்ன முயற்சிக்கு அது பெரிது.

பழைய ஓடை

இதில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. எனக்குத் தராசு விஷம். காலையில் அந்த எண்தான் என் நாள் எப்படி இருக்கும் என்று முடிவு செய்யும். எந்தப் பண்டத்துக்கு எத்தனை நிமிடம் நடை என்ற பட்டியல் இன்னும் மோசம். சாப்பிட்டதற்கு அபராதம் கட்டுவது போல நடந்து நடந்து காலே வீங்கியிருக்கிறது. என்னைப் போன்றவர்கள் வீட்டில் தராசே வேண்டாம்.

தராசுக்காரன்

நீங்கள் சொல்வது சரி. சாப்பாட்டோடு அப்படிப்பட்ட போராட்டம் இருந்தவர்களுக்கு நான் எழுதியது பொருந்தாது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர்களுக்கு எண் எதுவும் இல்லாத வழி: விருந்துக்கு மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் வழக்கமான சாப்பாடு. நீங்கள் மேலே சொன்னதேதான். யோசித்துப் பார்த்தால் மற்றவர்களுக்கும் அதுதான் முதல் வேலை, தராசு இரண்டாவதுதான்.

நிலாமுற்றம்

எல்லோரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நாளை முதல் விருந்து. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

நிலாமுற்றம் (மூன்று வாரம் கழித்து)

வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் விருந்து நன்றாகப் போனது. கிளம்பும் முன் முட்டை சாப்பிட்டேன். காய், பருப்பு முதலில். பெரியம்மாவிடம் அடுப்படி அக்கா சொன்னபடியே சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, செய்முறையை எழுதிக்கொடுத்தார். கரண்டி என் பக்கம் இரண்டாவது தடவை வரவில்லை.

இரண்டாவது விருந்தில் தோற்றேன். முந்தின இரவு தூக்கமில்லை, வீட்டில் ஒரு மனக்கஷ்டம் வேறு. இனிப்பு ஐந்து துண்டு. வயிறு வலிக்கும் வரை சாப்பிட்டேன். இரவு படுத்தால் நெஞ்செரிச்சல். உட்கார்ந்தபடியே விடிந்தது. வழக்கமாக அங்கேதான் எல்லாம் சரிந்துபோகும். காலையில் பசியே இல்லை. ஆனாலும் பழைய ஓடை எழுதியதை எடுத்துப் படித்தேன். எட்டு மணிக்கு, எப்போதும் சாப்பிடுவதில் பாதி அளவு சாப்பிட்டேன். மதியம் வழக்கம் போல. அவ்வளவுதான், நாள் சாதாரணமாகப் போய்விட்டது. 41 வயதில் முதல் தடவையாக ஒரு விருந்து ஒரே நாளோடு முடிந்தது. அன்று மாலை கொஞ்சம் அழுதேன்.

மூன்றாவதும் நான்காவதும் நடுத்தரம். நடுவில் வந்த இனிப்பு டப்பாக்களில் இரண்டைப் பக்கத்து வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கொடுத்துவிட்டேன், ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் ஒரு துண்டு, மாலைத் தேநீரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். நின்றபடி சாப்பிடுவதில்லை என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அது ரொம்ப உதவியது. மூன்று வாரத்தில் 300 கிராம் கூடியிருக்கிறது.

தராசுக்காரன்

போன வருடம் இரண்டு கிலோ. இந்த வருடம் 300 கிராம். அதிலும் பாதி தண்ணீராக இருக்கலாம். மனதாரச் சந்தோஷம்.

பழைய ஓடை

அந்த எட்டு மணிச் சாப்பாட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இரவுப்பணி

நெஞ்செரிச்சலுக்கு: சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் படுக்காதீர்கள், தலைமாட்டைச் சற்று உயர்த்துங்கள். திரும்பத் திரும்ப வந்தால் காட்டிவிடுங்கள்.

அப்புறம் எச்பிஏ1சியை இப்போதே ஓடிப்போய்ப் பார்க்க வேண்டாம். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி. போன சோதனையிலிருந்து மூன்று மாதம் ஆகட்டும்.

நிலாமுற்றம்

அப்படியென்றால் இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

மெல்லநட

அது வரை இரவு நடை நடக்கிறதா சகோதரி?

நிலாமுற்றம்

இன்று 15 நிமிடம். அம்மாவும் கூட வந்தார். திரும்பும்போது நாளைக்கும் கூப்பிடு என்று சொன்னார்.